கையா, கத்தியா? சவரக்கத்தி பழகிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பிளேடு மாற்றாமல் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் சவரக்கத்தி வாங்கித் தன் முகத்தைத் தானே மழிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் சில வாரங்களில் சொல்லும் புகார்களில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. முடியை இழுக்கிறது, தோல் எரிகிறது, அங்கங்கே கீறிவிடுகிறது. காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: “கை இன்னும் படியலை.” போகப்போகச் சரியாகும் என்று அதே கத்தியோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஒருநாள் அதைத் துடைத்து அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

கை படியாதது உண்மைதான். ஆனால் கத்தியின் வாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. நன்றாகத் தீட்டிய கத்தி முகத்தில் எப்படி ஓடும் என்பதை ஒருமுறைகூட உணர்ந்திராதவரால், தப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. எல்லாப் பழியும் கையின் மேல் விழுகிறது. என் மைத்துனர் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

யார், எதற்காக

கோவையில் பம்பு உதிரிபாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் தரச்சோதனை பார்ப்பவர். முப்பதைத் தாண்டிய வயது. அடர்த்தியான, சற்றுச் சுருண்டு வளரும் தாடி. கல்லூரிக் காலத்திலிருந்தே அடுக்கு பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். கழுத்தில் குரல்வளைக்கு இருபுறமும் சிவப்புப் பருக்கள் எப்போதும் இருக்கும்.

இந்தப் பருக்கள் சுருள்தாடிக்காரர்கள் நிறையப் பேருக்கு வருபவை. அடுக்கு பிளேடில் முதல் பிளேடு முடியைப் பற்றிச் சற்று வெளியே இழுக்கும், அது உள்ளே போவதற்குள் அடுத்தது வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முனை தோல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். நேராக வளரும் முடியென்றால் திரும்ப வெளியே வந்துவிடும். சுருள்முடி வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும், அந்த இடம் வீங்கும். ஒற்றை வாய்க் கத்தியில் இந்த இழுப்பு இருக்காது, பருக்கள் போய்விடும் என்று எங்கோ படித்துவிட்டுத்தான் அவர் இதில் இறங்கினார். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது அடுத்த பாடு. வழக்கமாகப் போகும் சலூனில் கேட்டிருக்கிறார். கடையில் இருந்த இளைஞர் தோல்வாரில், அதாவது கத்தியின் வாயை உரசிப் பதப்படுத்தும் நீண்ட தோல்பட்டையில், கத்தி தீட்டுவதைத் தன் கண்ணால் பார்த்ததே இல்லை என்றாராம். இதில் வியக்க ஒன்றுமில்லை. இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அதற்குப் பின்வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்களில் சலூன் கத்தியும் பேசுபொருளானது. ஆளுக்கொரு புது பிளேடு என்பது படிப்படியாக வழக்கமாகி, ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டி எல்லோருக்கும் சவரம் செய்த முறை ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிட்டது. மறைந்ததே நல்லது என்பேன். ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தின் வழியே எச்ஐவியைவிட எளிதாகத் தொற்றக்கூடியது. தீட்டும் கத்தி ஒரு வீட்டில் ஒரே ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள், அண்ணன் தம்பிக்குள்கூட மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தக் கத்தியோடு சேர்ந்து தீட்டத் தெரிந்த கைகளும் போய்விட்டன. இன்று பழக நினைக்கிறவருக்குத் தெருமுனையில் ஆசான் கிடையாது.

முதல் கத்தி

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக ஒன்று வாங்கினார். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மரக் கைப்பிடி, கூடவே ஒரு சின்னத் தோல்பட்டை. பெட்டியைப் பிரித்ததும் முழங்கையில் வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். முடி வழித்துக்கொண்டு வந்தது. சரி, கூர் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

பலர் ஏமாறுவது இந்தச் சோதனையில்தான். கையிலுள்ள முடி மெல்லியது. 1000 கிரிட் கல்லில் (கிரிட் எண் கூடக்கூடக் கல்லின் மணி நயமாகும்) பதமாகத் தீட்டிய சமையலறைக் கத்தியே அதை வழித்துவிடும். தாடி முடியின் குறுக்களவு 100 மைக்ரானை, அதாவது 0.1 மி.மீட்டரைத் தொடும், தாண்டவும் செய்யும். அதை நட்டுநிற்கும் இடத்திலேயே, சாய்க்காமல் வெட்ட வேண்டுமென்றால் கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் முடிந்திருக்க வேண்டும். கை முடியை வழிப்பதற்கும் அதற்கும் இடையே இன்னும் மூன்று நான்கு கற்களின் வேலை பாக்கி இருக்கிறது.

இதெல்லாம் தெரியாமல் தொடங்கினாலும், மற்றபடி அவர் போன முறை ஒழுங்கானது. முதலில் கன்னங்களை மட்டும் கத்தியால் எடுத்தார், மீதிக்குப் பழைய ரேசர். நுனி மழுங்க வளைந்த கத்தியாகத்தான் வாங்கியிருந்தார். நுனி கூர்முக்காக இருக்கும் கத்தி காது மடலையும் மூக்கோரத்தையும் பதம் பார்த்துவிடும். இடது கையால் காதோரத் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பாக, முடி வளரும் வாட்டத்தோடு கீழே இறக்குவது. கத்தியை ஒருபோதும் அதன் நீளவாக்கில் நகர்த்தக் கூடாது என்பதையும் மனதில் வைத்திருந்தார். ஆழமான வெட்டு விழுவது பெரும்பாலும் அந்தப் பக்கவாட்டு நகர்வில்தான்.

கோணத்தை அவர் பழகிய விதம் எனக்குச் சிரிப்பையும் மரியாதையையும் ஒன்றாக வரவழைத்தது. கத்தி தோலோடு ஏறத்தாழ 30 டிகிரியில் நிற்க வேண்டும் என்பார்கள். கண்ணாடியைப் பார்த்து 30 டிகிரியை யார் கணிப்பது? இவர் கணக்குப் போட்டார். கத்தியின் அகலம் ஐந்தெட்டு அங்குலம், அதாவது 16 மி.மீ. சைன் 30 என்பது சரிபாதி. ஆக முதுகு தோலிலிருந்து 8 மி.மீ. எழும்பி நிற்க வேண்டும். பட்டறையிலிருந்து 8 மி.மீ. டிரில் பிட் ஒன்றைக் கொண்டுவந்தார். கத்தியின் வாயில் டேப் ஒட்டிவிட்டு, டிரில்லின் வழவழப்பான தண்டைக் கன்னத்தில் வைத்து அதன்மேல் முதுகைச் சாய்த்து, அந்த இடைவெளியைக் கண்ணுக்கும் விரலுக்கும் பழக்கிக்கொண்டார். 1904இல் கில்லெட் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேசர் செய்த பெரிய காரியமே, இந்தக் கோணத்தை மனிதக் கையிலிருந்து வாங்கி ரேசரின் தலையிடம் ஒப்படைத்ததுதான். சவரக்கத்திக்கு வருகிறவர் அந்த வேலையைத் திரும்ப ஏற்றுக்கொள்கிறார்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் கத்தி இழுத்தது. சவரம் முடிந்து ஒரு மணி நேரமாகியும் கன்னம் காந்தியது. வாரங்கள் போகப்போக நிலைமை தேறவில்லை, மோசமானது. இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வெறும் கைப்பழக்கக் குறையென்றால் கொஞ்சமாவது தேறியிருக்கும். நடந்தது என்னவென்று அவர் சவரம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது புரிந்தது. முடி இழுபட்டதும் கை தானாகவே கோணத்தைத் தூக்கியது, கூடவே அழுத்தவும் செய்தது. 8 மி.மீ. எல்லாம் எப்போதோ பறந்துவிட்டது. கோணம் கூடினால் கத்தி வெட்டுவதை விட்டுத் தோலைச் சுரண்டும். அழுத்தினால் தோல் மேடாகி வாய்க்கு முன்னே எழும்பும். கூரில்லாத கத்தி நல்ல கையையும் கெடுத்துவிடும்.

ஒரு காலை, இரண்டு கன்னம்

“மச்சான், ரெண்டு வேரியபிள் ஒண்ணா மாறுது. ஒண்ணை நிறுத்தினாத்தான் இன்னொண்ணு தெரியும்” என்றார். அவர் தொழில் அப்படி. நான் சலூனில் பயன்படும் பிளேடு மாட்டும் கத்தியைச் சொன்னேன். சலூன் சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரட்டை வாய் பிளேடைக் காகிதத்தோடு மடித்து இரண்டாக ஒடித்துப் பாதியை மாட்டுவது. அதன் கூர் தொழிற்சாலையில் செய்தது, பிளேடுக்குப் பிளேடு மாறாது. கூர்மை அங்கே தெரிந்த அளவு, கை மட்டும்தான் மாறும்.

சோதனை எளிமையானது. ஒரே காலை, ஒரே நுரை. வலது கன்னம் வாங்கிய கத்தியில், இடது கன்னம் பாதி பிளேடில். அடுத்த முறை கன்னத்தை மாற்றிக்கொண்டார். வலக்கைக்காரருக்கு வலது கன்னம் எளிது என்பதால் இந்த மாற்றம் அவசியம். சவரம் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டுப் படிகாரக் கட்டியை முகம் முழுக்கத் தேய்த்தார். ரத்தம் நிறுத்தத்தான் படிகாரம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் தோல் உரிந்த இடத்தையும் அது சுரீரென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காகிதத்தில் முகம் வரைந்து, காந்திய இடங்களுக்கெல்லாம் புள்ளி வைத்தார்.

புள்ளிகளைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. வாங்கிய கத்தி ஓடிய கன்னத்தில் ரத்தம் ஒரு சொட்டு இல்லை, ஆனால் கன்னம் முழுக்கப் புள்ளி. பிளேடு ஓடிய கன்னத்தில் இழுப்பே இல்லை, எரிச்சல் இல்லை, தாடை எலும்பு திரும்பும் இடத்தில் மட்டும் இரண்டு சின்னக் கீறல். கன்னத்தை மாற்றிச் செய்தபோதும் அதே கதைதான். இழுப்பும் எரிச்சலும் கத்தியின் குற்றம். கீறல் கையின் குற்றம். இவ்வளவு நாளும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமந்திருக்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிளேடு மாட்டும் கத்தியைப் ‘பயிற்சிக் கத்தி’ என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எடை குறைவு, விறைப்பு அதிகம், சின்னத் தடுமாற்றத்துக்கே கீறிவிடும். குழிவாகக் கடைந்த சவரக்கத்தி முகத்தில் தன் எடையில் படுத்து ஓடும், அந்த ஓட்டம் இதில் வராது. பாடம் கற்க அல்ல, சாட்சி கேட்கத்தான் அது லாயக்கு.

மைக்ரோஸ்கோப்பின் அடியில்

அடுத்த நாளே கத்தியைப் பட்டறைக்கு எடுத்துப்போய் அளவுபார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். நல்ல வாய் மேலிருந்து பார்த்தால் ஒரு கோடாகக்கூடத் தெரியாது. இவருடையது ஒளியை வாங்கி அங்கங்கே மின்னியது. இரண்டு பக்கச் சரிவும் ஒன்றையொன்று தொடாமல் நடுவே ஒரு தட்டையான திட்டு விட்டிருந்ததுதான் அந்த மினுக்கு.

ஏன் தொடவில்லை என்பதற்கு மார்க்கர் பேனா பதில் சொன்னது. இரண்டு சரிவிலும் மை பூசிவிட்டு, தட்டையான கல்லில் மெதுவாக ஒரே ஒரு முறை ஓட்டினோம். ஒரு பக்கத்தில் நுனியிலும் அடியிலும் மட்டும் மை அழிந்தது, நடுப்பகுதி கல்லைத் தொடவே இல்லை. மறுபக்கத்தில் நடுப்பகுதி அழிந்து இரு முனையிலும் மை அப்படியே இருந்தது. கத்தி நீளவாக்கில் வளைந்திருக்கிறது. பொறுமையாக உருட்டி உருட்டித் தீட்டி இதையும் ஓரளவு சரிசெய்யலாம் என்பவர்கள் உண்டு. நான் வேண்டாமென்றேன். சவரக்கத்தி உருவில் செய்த அலங்காரப் பொருளுக்கு அவ்வளவு உழைப்பு தகாது.

நல்ல எஃகும் முடியிடம் தோற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் கூர் என்பது ஒருமுறை வாங்கினால் நிலைத்திருக்கும் என்று நினைக்கிறார்கள். எஃகு முடியைவிட 50 மடங்கு கடினமானது. ஆனாலும் சவர பிளேடு மழுங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு விடை எழுதினார்கள். தாங்கள் பார்த்த பிளேடுகளில் வாய் சீராகத் தேய்ந்து உருளவில்லை, சின்னச் சின்னச் சில்லுகளாக உடைந்தது என்று கண்டார்கள். முடி வளைந்துகொடுத்து வாயைச் சாய்வாகச் சந்திக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரில்லாத இடமாகப் பார்த்துச் சில்லு பெயர்கிறது. அவர்கள் ஆராய்ந்தது தூக்கியெறியும் ரேசர் பிளேடை. இருந்தாலும் சவரக்கத்திக்காரருக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது: முடியை ஊறவைத்து மென்மையாக்குவதும், தோலை இழுத்துப் பிடித்து முடியை வளையவிடாமல் நிறுத்துவதும் முகத்துக்கு மட்டுமல்ல, கத்திக்கும் நல்லது.

உக்கடத்துக் கத்தி

இரண்டாவது கத்தி கோவை உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் இடத்தில் கிடைத்தது. கைப்பிடி மங்கியிருந்தது, முதுகில் கறுப்பு படிந்திருந்தது, தண்டில் ‘சோலிங்கன்’ என்று அச்சு. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், பிரான்சின் தியேர் மூன்றும் கத்திக்குப் பேர்போன ஊர்கள். சோலிங்கன் என்ற பெயரை அங்கே செய்த பொருளுக்கு மட்டுமே பொறிக்கலாம் என்று ஜெர்மனியில் 1938இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தால் போலி இருக்காது என்று சொல்ல வரவில்லை. அதனால் அச்சை நம்பாமல் இரும்பைப் பார்க்கச் சொன்னேன். வாயிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள் துருக்குழி இருந்தால் வாங்கக் கூடாது. விரிசல் இருந்தால் வாங்கக் கூடாது. முதுகின் தேய்மானம் நுனியிலிருந்து அடிவரை ஒரே அகலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒருபக்கம் மட்டும் அகன்றிருந்தால் முன்பு வைத்திருந்தவர் கோணலாகத் தீட்டியிருக்கிறார். முதுகிலும் தண்டிலும் உள்ள கறுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

யார் யார் முகத்தில் ஓடிய கத்தியோ. சோப்பால் கழுவிக் கிருமிநாசினியில் துடைத்து எடுத்தோம். கொதிக்கும் தண்ணீரில் போடுவது தவறு, பழைய கைப்பிடிகள் பல செல்லுலாய்டில் செய்தவை, நெளிந்துவிடும்.

தீட்டியது நான். சவரக்கத்தியில் ஒரு வசதி உண்டு. முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படுக்கவைத்துவிட்டால் கோணத்தைக் கை பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, முதுகின் தடிமனே அதை நிர்ணயித்துவிடும். 16 மி.மீ. அகலத்துக்கு முதுகு நாலரை மி.மீ. இருந்தால் வாயின் மொத்தக் கோணம் 16 டிகிரி சொச்சம் வரும். 1000 கிரிட்டில் இரண்டு சரிவும் சந்திக்கும்வரை, பிறகு 4000, 8000, கடைசியாக 12000. பெரும்பாலான நேரம் முதல் கல்லிலேயே போய்விடும், அங்கே வாய் முழுமையாகச் சேராவிட்டால் மேலே எந்தக் கல்லும் உதவாது.

அந்தக் கத்தியில் கன்னத்தை இழுத்ததும் அவர் நிறுத்திவிட்டுக் கேட்டது, “வெட்டுதா இல்லையான்னே தெரியலையே மச்சான்?” துடைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். அழுத்தவில்லை, கோணத்தைத் தூக்கவில்லை. யாரும் சொல்லாமலே கை பழைய 8 மி.மீட்டருக்கு இறங்கியிருந்தது.

தோல்வார்

கதை இங்கே முடிந்திருந்தால் ‘நல்ல கத்தி வாங்குங்கள்’ என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஓரிரு வாரங்களில் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. இந்த முறை அவர் கையைச் சந்தேகப்படவில்லை, நேராக எஃகின் மேல் பழி போட்டார். பாதி பிளேடு சோதனையும் அதையே சொன்னது: பிளேடு ஓடிய கன்னம் சுத்தம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வாய் ஒருபக்கமாக உருண்டிருந்தது. மற்றப் பக்கம் நன்றாகவே இருந்தது. முகத்தில் இரண்டு பக்கமும்தான் ஓடுகிறது, ஒரு பக்கம் மட்டும் ஏன் உருள வேண்டும்?

பதில் சொன்னவர் எழுபதைக் கடந்த ஒரு சலூன் பெரியவர். தீட்டும் கத்தியிலேயே தொழில் பழகியவர், இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். மைத்துனர் தோல்வாரைக் கதவுக் கொக்கியில் மாட்டித் தீட்டிக் காட்டியபோது, பெரியவர் கத்தியைப் பார்க்கவே இல்லை, காதை மட்டும் கொடுத்தார்.

“ஏனுங்க தம்பி, போறப்ப ஒரு சத்தம் கேக்குது, வர்றப்ப ஒரு சத்தம் கேக்குதே?”

“அப்படியாங்க?”

“முதுகத் தூக்கிட்டுத் திருப்பறீங்க. முதுகு தோல்லயே உக்காந்திருக்கோணும், வாய்தான் சுத்தி வரோணும். அவசரம் எதுக்குங்க? நான் வேகமா செஞ்சது வயித்துப்பாட்டுக்கு.”

தோல்வாரில் கத்தி முதுகு முன்னே போக, வாய் பின்னே இழுபட வேண்டும். கோடியில் போய்த் திருப்பும்போது முதுகை அச்சாக வைத்து உருட்ட வேண்டும். இவர் மேலே போகும்போது சரியாகச் செய்துவிட்டு, திரும்பி வரும் தொடக்கத்தில் முதுகு தோலில் படியும் முன்பே இழுக்க ஆரம்பித்திருக்கிறார். அந்த ஒரு கணம் வாய் மட்டும் தோலை உரசுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் அதே பக்கம். வாரும் தொய்வாகப் பிடித்திருந்தார். தொய்ந்த தோல் வாயைச் சுற்றி மேலேறி அதை உருட்டிவிடும். முந்தைய கற்களின் உழைப்பையெல்லாம் தினமும் காலையில் அரை நிமிடத்தில் கரைத்துக்கொண்டிருந்தார். கையின் குற்றம்தான், ஆனால் முகத்தில் வைத்த கை அல்ல. சவர நேரத்தை மட்டுமே கவனித்தவர் கண்ணில் அது எப்படிப் படும்?

நான் பார்த்தவரை தொடக்கக்காரர்களின் நல்ல கத்திகள் பெரும்பாலும் கெடுவது இந்த வாரில்தான். முகத்தில் பிடிக்கும் கோணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள், வாரை வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள்.

முதலில் வாங்கிய வளைந்த கத்திக்கு இப்போது வேலை கிடைத்தது. அதன் வாயைக் கல்லின் ஓரத்தில் தேய்த்து முழுதாக மழுக்கிவிட்டு, அதை வைத்துத் திருப்பும் பழக்கத்தை மட்டும் மெதுவாகச் செய்துகொண்டிருந்தார், டிவி பார்க்கும்போதுகூட. இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரத் தொடங்கியதும்தான் நல்ல கத்தியை வாரில் வைத்தார். வாரின் கேன்வாஸ் துணிப் பக்கத்தில் 20 சுற்று, தோல் பக்கத்தில் 40 முதல் 50, கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கிடையாது. அதன் பிறகு அந்த வாய் மாதக்கணக்கில் நின்றது.

தண்ணீர்

நுரை விஷயம் சின்னதுதான், ஆனால் கோவைக்காரர்களுக்கு உதவும். குளியலறையில் போர் தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர்போலத் திரிந்து படியும். அதைக் கூடுதல் சோப்பு போட்டு ஈடுகட்டப் பார்த்தார், நுரை பிரஷ்ஷில் கொப்பளித்துவிட்டு முகத்தில் காய்ந்துபோனது. சமையலறையில் சிறுவாணிக் குழாய் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சொம்பு எடுத்துச் சூடாக்கிக்கொண்டதும் அதே சோப்பு, அதே பிரஷ், நுரை கெட்டியாக நின்றது. முகத்தைக் கழுவி ஈரத் துண்டு போட்டு இரண்டு மூன்று நிமிடம் முடியை ஊறவிடுவதும் சேர்ந்துகொண்டது. கீறல்களில் ஒரு பகுதி இதிலேயே குறைந்தது, நுரை காய்ந்த இடத்தில்தான் கத்தி தடுக்கிக்கொண்டிருந்தது.

கத்தியைக் குளியலறையில் வைக்காதீர்கள். கார்பன் எஃகு ஈரத்தில் ஒரே இரவில் புள்ளி போட்டுவிடும். துடைத்து, வெறும் தோலில் நாலு இழுப்பு இழுத்து ஈரத்தைப் போக்கி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, உலர்ந்த அறையில் வைக்கிறார். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறையும், நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும்.

கழுத்து

இனி அந்தப் பருக்கள். இரண்டு நாள் தாடியை விட்டுவிட்டு விரல் நுனியால் கழுத்தைத் தடவி, எந்தத் திசையில் சொரசொரக்கிறது, எந்தத் திசையில் வழுக்குகிறது என்று ஒரு படம் வரைந்தார். கன்னத்தில் முடி கீழ்நோக்கி இறங்கியது. கழுத்தில் குரல்வளைக்கு இருபுறமும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், காதுப் பக்கமாகப் படுத்திருந்தது. கழுத்தின் அடிப்பகுதியில் மேல்நோக்கி வளர்ந்தது. இவ்வளவு வருடங்களாகக் கார்ட்ரிட்ஜை அடியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாக மேலே கொண்டுபோயிருக்கிறார். பருக்கள் இருந்த இடமும் முடி படுத்து வளரும் இடமும் படத்தில் அப்படியே பொருந்தின.

கத்தியில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இழுக்க முடியாது. எதிர்வாட்டத்தில் தொட்டாலே தடுக்கும் என்பதால் அவர் கழுத்தில் வாட்டத்தோடு ஒரு சுற்று, குறுக்காக ஒரு சுற்று என்பதோடு நிறுத்திக்கொண்டார். சில வாரங்களில் பருக்கள் நன்றாகவே தணிந்தன. ‘பார்த்தாயா, கத்தியின் மகிமை’ என்று எழுதிவிடலாம்தான். ஆனால் தரச்சோதனைக்காரர் விடவில்லை. கொஞ்ச நாளைக்குப் பழைய கார்ட்ரிட்ஜையே எடுத்து, அதே படத்தைப் பார்த்து, வாட்டத்தோடு மட்டும், அழுத்தாமல் சவரம் செய்து பார்த்தார். பருக்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கத்தியில் இருந்ததைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

ஒருவர் முகத்தில் நடந்த சோதனை இது, எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பருக்களுக்காக மட்டும் சவரக்கத்தி வாங்க நினைக்கிறவர்கள், முதலில் தங்கள் கழுத்தின் வாட்டத்தை வரைந்து பழைய ரேசரிலேயே திசையை மாற்றிப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், புண் ஆற நாளாகும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கத்தியைத் தொட வேண்டாம்.

இப்போதைய நிலவரம்

கன்னமும் கழுத்தும் முழுக்கச் சவரக்கத்தியில். மேலுதடு பரவாயில்லை. மோவாய்க்கு இன்னும் பாதுகாப்பு ரேசர்தான் எடுக்கிறார். அங்கே முடி தடிமன், எலும்பு வளைவு, இழுத்துப்பிடிக்கத் தோலும் குறைவு. வற்புறுத்தவில்லை. வார நாளில் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரம் இருந்தால் கத்தியை எடுப்பதே இல்லை, அதுவும் சரியான முடிவு.

செலவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பிளேடு காசு மிச்சமாகும் என்று இதில் இறங்காதீர்கள். கத்தியைவிடக் கற்களுக்குத்தான் விலை. நல்ல 12000 கிரிட் கல் ஒன்றின் விலையில் சாதாரண இரட்டை வாய் பிளேடு ஆயுளுக்கும் வாங்கிப் போட்டுவிடலாம். அதனால் அவர் கல் வாங்கவில்லை. வாய் மந்தமானால் கத்தி என்னிடம் வருகிறது. வருவதற்கு முன் பாதி பிளேடு போட்டு ஒரு கன்னம், மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை, எந்தப் பக்கம் எவ்வளவு நீளத்துக்கு உருண்டிருக்கிறது என்று காகிதத்தில் ஒரு குறிப்பு. போன முறை வந்த குறிப்பில் நுனியிலிருந்து 10 மி.மீ. மட்டும் என்று எழுதியிருந்தது. வாரின் அகலம் கத்தியின் நீளத்தைவிடக் குறைவு, நுனி சரியாகப் படிவதில்லை. குறுக்காகச் சாய்த்து இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.